காக்டெயில் கிளிக்கு விதையை அடியோடு நிறுத்திவிடலாமா? தானியம் எது, எவ்வளவு?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு பெண் காக்டெயில் இருக்கிறது. பெயர் மின்னி, வயது நான்கு. உறவினர் வீட்டில் வளர்ந்தது. அவர்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் போனதால் இப்போது எங்களிடம் இருக்கிறது. அங்கே அதற்குக் கிண்ணம் நிறைய சூரியகாந்தி விதை, அதோடு கொஞ்சம் தினை, வேறு எதுவும் கிடையாது. காய், கீரை எதையும் அது உணவு என்றே நினைப்பதில்லை. ஒரு கேரட் துண்டைக் கூண்டில் வைத்தால் மறுமூலைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பறவை மருத்துவரிடம் காட்டினோம். எடை 122 கிராம். மார்பெலும்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை, அலகும் சற்று நீண்டிருக்கிறது, ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கலாம் என்று சொல்லி ரத்தம் எடுத்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. சூரியகாந்தியைக் குறைத்து, மெதுவாகப் பெல்லட்டுக்கு (சத்துகள் சேர்த்துச் செய்த உருண்டைத் தீவனம்) மாற்றச் சொன்னார். ஆனால் பெல்லட்டை வைத்தால் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, விதை வேண்டும் என்று கத்துகிறது.

இனி விதையே கூடாதா? சிறுதானியங்களில் எதைக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்? ஊறவைத்தோ முளைகட்டியோ கொடுத்தால் நல்லது என்கிறார்களே, அது உண்மையா? வைட்டமின் பூசிய விதைக் கலவை என்று ஒன்று விற்கிறார்கள், அதை வாங்கினால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

விதையை இன்றே நிறுத்திவிடுங்கள். பெல்லட் மட்டும் கூண்டில் இருக்கட்டும். பசித்தால் தானாகத் தின்னும். என் சன் கன்யூர் கிளியை அப்படித்தான் மாற்றினேன், இரண்டாம் நாளே தின்ன ஆரம்பித்துவிட்டது.

பதில் 2

மேலே எழுதிய நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் மின்னிக்கு அதைச் செய்யாதீர்கள். கன்யூர் புதிய பொருளைக் கடித்துப் பார்த்துவிடும். காக்டெயிலின் சுபாவம் வேறு. பிறந்ததிலிருந்து விதையையே பார்த்த காக்டெயிலுக்குப் பெல்லட் ஏதோ மரத்துண்டு மாதிரிதான். அதை உணவென்று கண்டுகொள்ளாமலே நாள்கணக்கில் பட்டினி கிடக்கும். 100 கிராம் சொச்சம் எடையுள்ள உயிருக்குப் பட்டினி தாங்காது. அதிலும் ஈரலில் கொழுப்பு சேர்ந்த பறவை சாப்பிடாமல் கிடந்தால் உடம்பில் உள்ள கொழுப்பு கரைந்து ஈரலுக்குத்தான் வரும், நிலைமை இன்னும் மோசமாகும். உங்கள் மருத்துவர் 'மெதுவாக' என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பல வருடங்களாகக் காக்டெயில் வளர்க்கிறேன். ஒரு ஆப்பிரிக்கன் கிரே கிளியும் இருக்கிறது. விதை என்றாலே விஷம் என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. காக்டெயில் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலப் பறவை. கூட்டமாகத் தரையில் நடந்து புல்விதை பொறுக்கித் தின்பதுதான் அதன் பிழைப்பு. விதை அதன் இயல்பான உணவு. ஆனால் காட்டில் அது தின்பது பல வகைப் புற்களின் சின்னச் சின்ன விதைகள். முற்றிக் காய்ந்ததைவிட இளசாக, மென்மையாக இருக்கும் விதையைத்தான் அது அதிகம் விரும்பும். அதற்காகத் தினமும் வெகுதூரம் பறக்கிறது. சூரியகாந்தி வட அமெரிக்கச் செடி, அந்தப் புல்வெளிகளில் அது கிடையவே கிடையாது. பறக்க இடமில்லாத கூண்டில், எண்ணெய் நிறைந்த ஒரே விதையைக் கிண்ணம் நிறைய வைப்பதுதான் இங்கே நடந்திருக்கும் கேடு.

கணக்கைப் பாருங்கள். தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு, 100 கிராமுக்கு 50 கிராம் வரும். வெள்ளை மில்லட் என்று கலவைகளில் போடுகிறார்களே, அந்தப் பனிவரகில் 4 கிராம்தான். தினையும் அதே அளவுக்குப் பக்கம்தான். ஓட்ஸில் 7 கிராம் அளவுக்கு வரும். சூரியகாந்திக்குப் பதிலாகக் குசும்பா விதை போடலாம், அதில் கொழுப்பு குறைவு என்று சிலர் சொல்வார்கள். அதன் பருப்பிலும் 38 சதவீதம் இருக்கிறது, ஏமாந்துவிடாதீர்கள். நிலக்கடலையும் சூரியகாந்தி மாதிரியேதான், அதோடு பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற ஈரலைக் கெடுக்கும் நச்சும் சேரும். தோலோடு இருக்கும் கடலையில் உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று வெளியே தெரியாது. நான் என் பறவைகளுக்கு அதை வாங்குவதே இல்லை.

கொழுப்பு ஒரு பக்கம். எனக்கு அதைவிடக் கவலை, விதையில் இல்லாதவை. வைட்டமின் ஏ கிட்டத்தட்ட கிடையாது. அது குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழல் ஆகியவற்றின் உள்தோல் தடித்துக் காய்ந்துபோகும், வாய்க்குள் வெள்ளைத் திட்டுகள் வரும், அடிக்கடி சளித்தொற்று வரும். சளி வருகிறது என்று மருந்து மேல் மருந்து கொடுப்பார்கள், காரணம் தட்டில் இருக்கும். அடுத்தது சுண்ணாம்புச்சத்து. 100 கிராம் சூரியகாந்தியில் கால்சியம் 80 மில்லிகிராமுக்கும் குறைவு, பாஸ்பரஸோ 600-க்கு மேல். உடம்புக்கு வேண்டியது பாஸ்பரஸைவிடக் கால்சியம் கூடுதலாக இருக்கும் உணவு. இங்கே எல்லாம் தலைகீழ். பெண் பறவைக்கு இது உயிர் போகிற விஷயம், ஏனென்றால் முட்டை ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும்.

வைட்டமின் பூசிய கலவையைப் பற்றிக் கேட்டீர்கள். மின்னி விதை தின்பதைக் கொஞ்சம் கிட்டே இருந்து பாருங்கள். அலகில் உருட்டித் தோலை உரித்துக் கீழே போட்டுவிட்டு உள்ளே இருக்கும் பருப்பை மட்டும்தான் விழுங்கும். பூச்சு முழுவதும் அந்தத் தோலோடு கூண்டின் அடியில் கிடக்கும். பணம் கொடுத்துத் தரைக்கு வைட்டமின் போடுவதில் என்ன பயன்? தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தும் எனக்குப் பிடிக்காது. தண்ணீரின் ருசி மாறினால் சில பறவைகள் குடிப்பதையே குறைத்துவிடும், கிருமியும் சீக்கிரம் வளரும். பெல்லட் தின்ன ஆரம்பித்த பிறகு மேலே வைட்டமின் சேர்ப்பது ஆபத்தும்கூட. ஏ-யும் டி-யும் உடம்பில் தேங்கும் வைட்டமின்கள், அளவு மீறினால் கெடுதல். மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள்.

சரி, எப்படி மாற்றுவது? முதலில் ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வாங்குங்கள். தினமும் காலையில், முதல் எச்சம் போட்ட பிறகு, உணவு வைப்பதற்கு முன் மின்னியை அதில் நிறுத்தி எடையைக் குறித்து வையுங்கள். நல்ல உடம்புள்ள காக்டெயில் பெரும்பாலும் 80-லிருந்து 110 கிராமுக்குள் இருக்கும். இவளுக்கு எடை குறைய வேண்டியதுதான், ஆனால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். சில நாட்களுக்குள் சட்டென்று 5, 6 கிராம் இறங்கினால் பழைய உணவைத் திரும்ப வையுங்கள். தொடக்க எடையில் பத்தில் ஒரு பங்கு வேகமாகப் போனால் அன்றே மருத்துவரிடம் போங்கள். தராசு இல்லாமல் பறவையின் உணவை மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இறகுக்குள்ளே உடம்பு இளைப்பது கண்ணுக்குத் தெரியாது.

எச்சத்தையும் பாருங்கள். வழக்கமான அளவில், நடுவில் திடமான பகுதியோடு விழுந்தால் சாப்பிடுகிறது என்று அர்த்தம். மிகச் சின்னதாக, கரும்பச்சையாக, எண்ணிக்கையும் குறைந்து வந்தால் வயிறு காலி.

அடுத்தது சூரியகாந்தி. அதை ஒரேயடியாக நிறுத்தாமல், கலவையில் பனிவரகு, தினை, கனாரி விதை, தோலோடு கூடிய ஓட்ஸ் ஆகியவற்றைக் கூட்டிக்கொண்டே போய், சூரியகாந்தியைக் கிண்ணத்திலிருந்து கைக்கு மாற்றுங்கள். அதாவது கிண்ணத்தில் கிடைக்காது, உங்கள் விரலில் மட்டும் ஒன்றிரண்டு கிடைக்கும். கையில் ஏறுவதற்கும், தராசில் நிற்பதற்கும், பெல்லட்டைக் கடித்துப் பார்த்ததற்கும் அதுதான் கூலி. இதனால் உங்கள் மேல் அவளுக்குப் பிரியமும் வரும், புது வீட்டுக்கு வந்த பறவைக்கு அது முக்கியம்.

நாள் முழுவதும் விதை கிடக்க வேண்டாம். ஒரு காக்டெயில் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம் காய்ந்த உணவுதான் தின்னும். அதை அளந்து காலையும் மாலையும் பிரித்து வையுங்கள். காலையில் எழுந்ததும் நல்ல பசி இருக்கும், அப்போது முதலில் பொடியாக நறுக்கிய காய். ஒரு மணி நேரம் கழித்து விதை. இடைப்பட்ட நேரம் முழுக்கப் பெல்லட் கிண்ணம் தனியாகக் கூண்டில் இருக்கட்டும், தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து தள்ளி.

பெல்லட்டை முதலில் முழுதாக வைக்காமல் பொடியாக நுணுக்குங்கள். ஊறவைத்த ஈரமான விதையில் அந்தப் பொடியைப் பிசறினால் ஒட்டிக்கொள்ளும். விதையை உரிக்கும்போது நாக்கில் பட்டு ருசி பழகும். பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரப்பாக்கிக்கொண்டே போனால் ஒரு நாள் துண்டையே எடுத்துக் கடிக்கும். கேரட்டிலும் இதே தந்திரம்தான். துருவிய கேரட்டில் தினையைப் புரட்டி வையுங்கள். நீங்கள் அதன் முன்னால் உட்கார்ந்து அதே கேரட்டை மென்று காட்டுவதும் வேலை செய்யும். கிளிகள் கூட்டமாகத் தின்பவை, கூட இருப்பவர் தின்பதை நம்பும். வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். கிரேக்கு ரொம்ப நாள் பிடித்தது, நான் விடவில்லை.

முடிவில் எந்த அளவில் நிற்பது? என் வீட்டில் காக்டெயில்களுக்கு ஏறக்குறைய பாதி பெல்லட், மீதியில் பெரும்பகுதி காயும் கீரையும், விதையும் தானியமும் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாது. முழுக்கப் பெல்லட்டே என்பது காக்டெயில், பட்ஜி போன்ற விதைதின்னிக் கிளிகளுக்குத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பெரிய கிளிகளில் கணக்கு இனத்துக்கு இனம் மாறும். அமேசான் கிளி சீக்கிரம் கொழுக்கும், அதற்கு விதை மிகக் குறைவாகத்தான். ஹயசிந்த் மக்காவுக்கோ காட்டில் பனை இனக் கொட்டைகள்தான் உணவு, கொழுப்பு அதிகமாகவே வேண்டும். லோரிக்கு மகரந்தமும் பூந்தேனும்தான் உணவு, அதற்கு விதையே சரிப்படாது. ஆகவே இன்னொருவர் கிளியின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் 3

நான் வளர்ப்பது பட்ஜி. பதில் 2-இல் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விதை மட்டுமே தின்னும் பட்ஜிக்கு அயோடின் குறைந்து தொண்டையில் தைராய்டு வீங்கும். மூச்சுவிடும்போது கிளிக் கிளிக் என்று சத்தம், குரல் மாற்றம், தின்றதைக் கக்குவது, இவையெல்லாம் அதன் அடையாளம். சளி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அப்புறம் செரிப்பதற்கு மணல் வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். புறா விதையைத் தோலோடு விழுங்கும், அதற்கு மணல் வேண்டும். கிளி உரித்துத்தான் தின்னும், அதற்குத் தேவையில்லை. அளவு மீறித் தின்றால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி அக்கா. தராசு வாங்கிவிட்டேன். இன்று காலை 121 கிராம். இன்னும் சில சந்தேகங்கள். காலையில் வைத்த விதைக் கிண்ணம் மாலையிலும் நிறைந்தே இருப்பது போலத் தெரிகிறது, அப்படியானால் சாப்பிடவில்லையா? முளைகட்டுவதைப் பற்றியும் சொல்லுங்கள். கேழ்வரகு கொடுக்கலாமா? உறவினரிடம் பேசியபோது, மின்னி போன வருடம் ஆண் பறவை இல்லாமலே முட்டையிட்டது என்று சொன்னார்கள். அதற்கு ஏதாவது தனியாகக் கவனிக்க வேண்டுமா?

பதில் 2 எழுதியவர்

கிண்ணத்தை எடுத்து மேலே லேசாக ஊதிப் பாருங்கள். பறப்பதெல்லாம் உமி. உரித்த தோல் கிண்ணத்துக்குள்ளேயே விழுந்து மேலே மூடிக்கொள்ளும், பார்ப்பவருக்கு நிறைய விதை இருப்பது போலத் தெரியும். நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பசியால் செத்த பறவைகள் உண்டு. வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் பறவையை ஒப்படைப்பவர்கள் இதைச் சொல்லாமல் போகக் கூடாது. ஒவ்வொரு வேளையும் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக அளந்து போடுங்கள். கொட்டியதில் உமி போக எவ்வளவு விதை மிஞ்சியது என்று பார்த்தால், எதைத் தின்றது, எதை ஒதுக்கியது என்றும் தெரியும்.

முளைகட்டிய தானியம் உண்மையிலேயே நல்லது. முளைக்கும்போது விதை தன் சேமிப்பைச் செலவழிக்கத் தொடங்குகிறது. சில வைட்டமின்கள் கூடும், தாதுக்களைப் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறையும். இளம் விதை மாதிரி மென்மையாகவும் இருக்கும், அதனால் காய் தொடாத பறவைகூட இதைத் தின்னும். காய்ந்த விதைக்கும் காய்கறிக்கும் நடுவில் ஒரு படியாக நான் இதைத்தான் பயன்படுத்துவேன். தினை, பனிவரகு, கோதுமை, பச்சைப்பயறு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விதைப்பதற்காக விற்கும் விதை மட்டும் வேண்டாம், அதில் பூச்சிமருந்து கலந்திருக்கும். நன்றாகக் கழுவி இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வடித்து, மறுபடி மறுபடி அலசி, ஈரம் வழிய வடிகட்டியில் வைத்திருங்கள். முளை சற்றே எட்டிப்பார்த்தால் போதும், நீளமாக வளர வேண்டாம்.

இதில் மூக்கைத்தான் நம்ப வேண்டும். நல்ல முளை பச்சைப் புல் மாதிரி மணக்கும், அல்லது வாடையே இருக்காது. புளித்த வாடை, வழவழப்பு, வெண்பஞ்சு போல ஏதாவது தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஓடி வரும். கூண்டில் வைத்த முளையை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், வெயில் காலத்தில் அதற்கும் முன்பே. ராஜ்மாவை ஊறவைத்தோ முளைகட்டியோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதில் உள்ள லெக்டின் நச்சு முளைகட்டினாலும் போகாது, நன்றாகக் கொதிக்க வெந்தால்தான் போகும்.

கேழ்வரகு தாராளமாகக் கொடுக்கலாம். தானியங்களில் அது ஒரு விதிவிலக்கு. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, மற்ற சிறுதானியங்களில் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தால் பெரிது. முளைகட்டிக் கொடுங்கள். சின்ன விதை என்பதால் முதலில் அலட்சியம் செய்யும், தினையோடு கலந்தால் பழகும். ஆனால் கேழ்வரகு மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கூண்டில் ஒரு கணவாய் ஓடு எப்போதும் தொங்கட்டும். பசலை மாதிரி ஆக்சலேட் நிறைந்த கீரை தினமும் வேண்டாம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு நேரடி வெயில் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அதற்கு உதவும் புறஊதாக் கதிர் வராது. காலை இளவெயிலில், கூண்டின் ஒரு பாதி நிழலில் இருக்கும்படி, பக்கத்தில் நீங்கள் இருந்து கொஞ்ச நேரம் வையுங்கள். என் கிரே பற்றி எனக்கு எப்போதும் இந்தக் கவலை உண்டு. அந்த இனத்துக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து வலிப்பே வந்துவிடும்.

முட்டை விஷயத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆண் இல்லாமலே முட்டையிடுவது காக்டெயிலில் சகஜம்தான். கொழுப்பான உணவு ஏராளமாகக் கிடைப்பது, பகல் நீளமாக இருப்பது, கூடு மாதிரி இருட்டு மூலை கிடைப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் உடம்பு 'இது குஞ்சு பொரிக்கும் காலம்' என்று முடிவு செய்துவிடும். விதையை அளந்து வைப்பது இதற்கும் மருந்து. இரவில் விளக்கில்லாமல் பன்னிரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள். சூடான மசியல் உணவு, கிழித்து விளையாடக் காகிதம், பெட்டி எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு வேளை இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்து, வால் மேலும் கீழும் ஆடி, முக்குவது போலத் தெரிந்தால் முட்டை அடைத்துக்கொண்டது என்று பொருள். காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

சேமிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் விதைகள் பழசானால் காறிப்போகும். கடித்துப் பார்த்தால் தொண்டையில் அரிக்கும், அப்படிப்பட்டதை வைக்காதீர்கள். புதிதாக வாங்கிய பையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். பெரும்பாலானவை முளைத்தால் உயிருள்ள விதை. முளைக்காமல் அழுகினால் அந்தப் பையை மாற்றுங்கள். விதைக்குள் நூல் கட்டியது போலத் தெரிந்தால் அந்துப்பூச்சி. கொஞ்சமாக வாங்கி, சில நாட்கள் உறைபெட்டியில் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள், அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே ஈரம் கட்டாது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். ஈரல் அளவுகள் கூடியிருந்தால் நான் சொன்ன அந்தக் கைக்கூலிச் சூரியகாந்திகூட இப்போது வேண்டாம். அதற்குப் பதிலாகத் தினைக் கதிரில் ஒரு சின்னத் துணுக்கைக் கிள்ளிக் கொடுங்கள், அதற்கும் ஆசையாக ஓடி வருவாள்.